‘ஆன் தி வே’ கற்றுத்தந்தவர்களுக்கு

பினாங்கு மாநிலத் தமிழ்ப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்த, இன்றும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

மே 16 ஆசிரியர் தினம். 1956இல் அதே நாளில்தான் ரசாக் கல்வி அறிக்கையை மலாயாக் கூட்டரசின் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன் நினைவாகவே நம் நாட்டில் ஆசிரியர்களைப் போற்றும் நாள் அமைந்தது. அன்று பள்ளி மண்டபங்களில் பாட்டு இருக்கும், பரிசு இருக்கும், வாழ்த்துரை இருக்கும். தமிழாசிரியரை வாழ்த்த நமக்குச் சொற்கள் நிறையப் பழகியிருக்கின்றன. தமிழ்ப் பள்ளிக்குள் நின்று ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் உங்களை வாழ்த்தித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினால் கைக்குக் கிடைப்பது குறைவு. தமிழ்ப் பள்ளியில் படித்து, இன்று ஜோர்ஜ்டவுனில் கப்பல் சரக்கு ஆவணங்களைப் பார்த்துப் பிழைக்கும் ஒருத்தி, எல்லாரும் படிக்கட்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன்.

நன்றி என்றால் எதற்காக என்று சொல்ல வேண்டும். ‘ஆங்கிலம் கற்றுத்தந்தீர்கள், நன்றி’ என்று பொதுவாகச் சொன்னால் அது மேடைப் பேச்சோடு போய்விடும். ஆகவே ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறேன்: ‘ஆன் தி வே’. இந்த ஊரில் இது ஒலிக்காத நாள் கிடையாது. பட்டர்வொர்த்திலிருந்து வேலைக்கு வருகிறவர், பாலத்து நெரிசலில் பேருந்து நின்றுபோனால் அலுவலகத்துக்குச் சொல்வது இதைத்தான். விருந்துக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால் உறவினர் சொல்வதும் இதுதான். வாட்ஸ்அப்பில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ‘ஓ டி டபிள்யூ’ என்று முதலெழுத்துகளாகச் சுருக்கி அனுப்பும் அளவுக்கு இது எல்லாருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

ஆனால் காதில் விழுவது ஒன்று, அதை வைத்து ஒரு முழு வாக்கியம் அமைப்பது இன்னொன்று. வீட்டில் தமிழ், கடையில் மலாய், பக்கத்து வீட்டில் ஹொக்கியன் என்று கேட்டு வளரும் பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் முழு வாக்கியமாகக் கிடைக்கும் இடம் உங்கள் வகுப்புதான். நம் பள்ளிகளில் பயிற்றுமொழி தமிழ். மலாயும் ஆங்கிலமும் பாடங்கள். அந்தப் பாடவேளைகளுக்குள் நீங்கள் செய்து முடிக்கும் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் விளங்கியது.

அந்த நுணுக்கத்தைச் சொல்கிறேன். தமிழில் ‘பள்ளிக்குப் போகும் வழியில்’ என்கிறோம். முதலில் பள்ளி, அதன் பின்னால் ‘கு’, அப்புறம் வழி, கடைசியில் ‘இல்’. ஆங்கிலம் இதைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போடுகிறது: ‘ஆன் தி வே டு ஸ்கூல்’. நம் ‘இல்’ அங்கே ‘ஆன்’ ஆகி முதலில் வந்து நிற்கிறது. நம் ‘கு’ அங்கே ‘டு’ ஆகிப் பள்ளிக்கு முன்னால் போகிறது. நாம் தொடங்கிய பள்ளி அங்கே கடைசியில் வருகிறது. தமிழில் உறவைக் காட்டும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். இந்த வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சூத்திரமாகச் சொன்னால் ஏறாது. நீங்கள் இரண்டு வாக்கியங்களையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ‘கு’விலிருந்து ‘டு’வுக்கும் ‘இல்’லிலிருந்து ‘ஆன்’னுக்கும் கோடு இழுத்துக் காட்டினீர்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனதைப் பார்த்த பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து வகுப்பின் மலாய்ப் பாடத்தையும் நீங்கள் துணைக்கு அழைத்துக்கொண்டீர்கள். மலாயில் ‘டாலாம் பெர்ஜாலானான் கெ செகோலா’ என்றால் பள்ளிக்குப் போகும் வழியில் என்று பொருள். அங்கேயும் ‘டாலாம்’, ‘கெ’ இரண்டும் பெயருக்கு முன்னால்தான் வருகின்றன. மலாய் பழகிய பிள்ளைக்கு ஆங்கில வரிசை பாதி தெரிந்த வரிசை. மூன்று மொழி படிப்பது பிள்ளைகளுக்குச் சுமை என்று பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு மொழியில் பழகிய வரிசையைக் கொண்டு இன்னொரு மொழியின் கதவைத் திறக்கலாம் என்று நீங்கள் வகுப்பில் செய்தே காட்டினீர்கள்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. தமிழில் வீட்டில், மேசையில், படகில், பினாங்கில் எல்லாவற்றுக்கும் பேச்சில் ‘இல்’ ஒன்றே போதும். மலாயிலும் பெரும்பாலும் ‘டி’ ஒன்று போதும். ஆங்கிலம் அதே இடத்தில் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று மூன்றாகப் பிரிக்கிறது. பினாங்கு என்று ஊர்ப்பெயர் சொன்னால் ‘இன்’. தீவு என்று சொன்னால் ‘ஆன்’. படகுத்துறையில் நிற்கிறேன் என்றால் ‘அட்’. காருக்குள் ‘இன்’, ஆனால் பேருந்திலும் ஃபெரியிலும் ‘ஆன்’. நம் பிள்ளை இங்கே தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல. அவள் பேசும் இரண்டு மொழிகளும் கேட்காத ஒரு கேள்வியை மூன்றாவது மொழி கேட்கிறது, அவ்வளவுதான்.

தமிழுக்கு இந்த நுட்பம் இல்லை என்றும் நீங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. அதற்காகத் தனியாக ஒரு வணக்கம். நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு ‘கண்’ தொடங்கி ‘இல்’ வரை 28 உருபுகளைச் சொல்கிறது. மேல், கீழ், முன், பின், உள், புறம், இடை எல்லாம் அதில் அடக்கம். ‘வழி’ என்பதே அந்தப் பட்டியலில் ஓர் உருபாக இருக்கிறது. இடத்தை நுணுகிச் சொல்லும் கருவிகள் நம்மிடம் ஏராளம், அன்றாடப் பேச்சில் ‘இல்’ அவற்றில் பலவற்றின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் படிக்கும்போது பிள்ளைக்குத் தன் மொழியின் இலக்கணமும் கண்ணில் படுகிறது என்றால், அது இரண்டையும் மதிக்கத் தெரிந்த ஆசிரியர் வாய்த்ததால்தான்.

இனி ‘வே’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் பெயர்ச்சொற்களை ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் எண்ணிப் பார்த்துப் பட்டியலிட்டபோது ‘டைம்’, ‘பர்சன்’, ‘இயர்’ ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவதாக ‘வே’ வந்தது. அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லை மாற்றினால் பொருள் முழுவதும் மாறிவிடும். ‘ஆன் தி வே’ என்றால் வருகிற வழியில், போகிற வழியில். ‘இன் தி வே’ என்றால் குறுக்கே, இடைஞ்சலாக. ‘பை தி வே’ என்றால் ‘அது கிடக்கட்டும், இன்னொரு சங்கதி’. ‘இன் எ வே’ என்றால் ஒரு வகையில். தமிழில் ‘வழியிலே வந்துகிட்டிருக்கேன்’ என்பதற்கும் ‘வழியிலே நிக்காதே’ என்பதற்கும் ஒரே ‘இல்’தான். எது எந்தப் பொருள் என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பு ‘ஆன்’, ‘இன்’ தலையில் விழுகிறது. பாதையைக் கோடாக நினைத்து அதன்மேல் நகர்ந்தால் ‘ஆன்’. பாதையை இடமாக நினைத்து அதை அடைத்துக்கொண்டு நின்றால் ‘இன்’. இப்படிப் பிரித்துச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு அது மறப்பதில்லை.

இதை நீங்கள் கற்பித்த முறைதான் என் நன்றியின் நடுப்பகுதி. விதியை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஊரிலிருந்தே வாக்கியங்களை எடுத்தீர்கள். பினாங்குப் பிள்ளைக்குத் தைப்பூசத்தைவிடத் தெரிந்த பாதை எது? நகரத்தாரின் வெள்ளி ரதம் 1894இலிருந்து ஓடுகிறது. லெபு பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவில் பக்கம் போகிறது. 2017 முதல் லெபு குயின் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல், வழிநெடுகத் தேங்காய் உடைப்பு. அதையே நீங்கள் ஆங்கிலப் பாடமாக்கினீர்கள். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ரதம் நிற்கிறது: ‘ஆன் தி வே’. உடைத்த தேங்காய்ச் சில்லுகள் ரதத்துக்குக் குறுக்கே குவிந்து கிடக்கின்றன, அள்ளி அகற்றுகிறார்கள்: ‘இன் தி வே’. ‘அது சரி, நீ எந்தப் பந்தலில் மோர் குடித்தாய்?’ என்று தோழி கேட்கிறாள்: ‘பை தி வே’. ஒரே திருவிழாவுக்குள் மூன்று தொடர்களும் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. அன்று அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு இன்றைக்கும் குழப்பம் வராது.

படிப்படியாக அந்தத் தொடரின் மற்ற பழக்கவழக்கங்களையும் காட்டினீர்கள். பள்ளிக்கு என்றால் ‘டு’ வரும், கொம்தாருக்கு என்றால் ‘டு’ வரும், ஆனால் ‘ஆன் தி வே ஹோம்’ என்னும்போது ‘டு’ வராது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் லெபு கெங் குவீயில் நின்று செண்டோல் குடித்தோம் என்ற வாக்கியத்தில் அதைச் சேர்த்துப் பழக்கினீர்கள். ‘தி’ இருந்த இடத்தில் ‘மை’ வந்தால் நான் கிளம்பிவிட்டேன் என்ற உறுதி கூடுகிறது. மழை வரப்போகிறது என்பதற்கும், உதவி வந்துகொண்டிருக்கிறது என்பதற்கும், அக்காவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்பதற்கும் இதே ‘ஆன் தி வே’ பொருந்தும். கடை எங்கே என்று கேட்டால் ‘போகிற வழியில்தான் இருக்கு’ என்பதற்கும் இதுவே. தமிழில் நாம் போகிற வழியா, வருகிற வழியா என்று திசையைப் பெரும்பாலும் சொல்லிவிடுவோம். கேட்பவரை நோக்கி நகர்ந்தால் ‘வந்துகிட்டிருக்கேன்’ என்போம். ஆங்கிலத் தொடர் திசையைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, அதைப் பின்னால் வரும் சொல்லுக்கு விட்டுவிடுகிறது. இவ்வளவும் ஒரு சின்னத் தொடருக்குள் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு உணர்த்துவது எளிய காரியமா?

ஃபெரியைக் கொண்டு ‘ஆன் டைம்’, ‘இன் டைம்’ இரண்டையும் பிரித்ததும் இப்படித்தான். குறித்த நேரத்துக்குப் படகு புறப்பட்டால் ‘ஆன் டைம்’. படகு போவதற்குள் நாம் ஓடிப்போய் ஏறிவிட்டால் ‘இன் டைம்’. ஒன்று கடிகாரத்தோடு ஒத்துப்போவது, மற்றது பிந்திவிடாமல் தப்பிப்பது. 1985இல் 13.5 கிலோமீட்டர்ப் பாலமும் 2014இல் இரண்டாம் பாலமும் வந்த பிறகும், 2023இல் நான்கு புதிய படகுகள் ஓடத் தொடங்கிய பிறகும், இந்த ஊரில் கடலைத் தாண்டுவது நேரத்தோடு கட்டிய காரியமாகவே இருக்கிறது. அந்தப் பரபரப்பை நீங்கள் இலக்கணமாக்கிக் கொடுத்தீர்கள்.

இப்படி வாக்கியத்தோடு சேர்த்துத் தொடரைக் கற்பிக்கும் வழிக்கு ஒரு வரலாறு உண்டு. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924இல் ஜப்பானுக்குக் கற்பிக்கப் போனார். வேற்று மொழிக்காரர் ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அங்கே நேரில் கண்டார். கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோருடன் சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை உலகுக்கு வெளியிட்டது. அதுதான் இன்று பள்ளி நூலகங்களில் இருக்கும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியின் மூலம். ஒரு சொல் எந்தச் சொற்களோடு, எந்த அமைப்பில் சேர்ந்து வரும் என்பதற்கு அவர் முதலிடம் கொடுத்தார். ஜப்பானியமும் தமிழைப் போலவே உறவுச் சொல்லைப் பெயருக்குப் பின்னால் வைக்கும் மொழி. நம் பிள்ளைகளைப் போன்ற மாணவர்களுக்கு முன்னால் நின்றுதான் அந்த அகராதி உருவானது. 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்கிளேர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி போய், மக்கள் உண்மையில் எழுதிய வாக்கியங்களைக் கணினியில் திரட்டி, அவற்றிலிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தந்தது. அறிஞர்கள் பெரிய ஏற்பாடுகளோடு கண்டடைந்த அதே வழியை நீங்கள் சுண்ணக்கட்டியும் பலகையும் கொண்டு நடத்தினீர்கள்.

பாடநூல்கள் எப்போதும் உங்களுக்குக் கைகொடுத்ததில்லை. ஐரோப்பிய அளவுகோலுக்கு ஏற்ப ஆங்கிலக் கல்வியை மாற்றியபோது, 2018இல் தொடக்கப் பள்ளியின் கீழ் வகுப்புகளுக்கு ‘சூப்பர் மைண்ட்ஸ்’ என்ற இறக்குமதிப் பாடநூல் வந்தது. அதற்கு முன்பு 2003 முதல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கச் சொன்னார்கள், சில ஆண்டுகளில் அதைப் படிப்படியாகத் திரும்பப் பெற்றார்கள். கொள்கை மாறியபோதெல்லாம் அதற்கேற்ப வகுப்பை மாற்றிக்கொண்டவர்கள் நீங்கள்தான். பிள்ளை பார்த்திராத ஊரின் படம் புத்தகத்தில் இருந்தால், அந்த இடத்தில் பினாங்கு மலையின் ரயிலையும் லெபு பாசாரின் பூக்கடையையும் வைத்துப் பாடம் நடத்தினீர்கள்.

இந்த ஊருக்கும் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு 200 ஆண்டைத் தாண்டியது. 1816 அக்டோபர் 21இல் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் முயற்சியால் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கியது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தையும் அந்தப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்தே எண்ணுகிறோம். 2016இல் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். ஆக, இந்த மண்ணில் ஆங்கிலமும் தமிழும் பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஒரே வாசல் வழியாக. பிற்பாடு நீண்ட காலம் ஆங்கிலம் ஆங்கிலப் பள்ளிகளுக்கு உரியதாகவும், தமிழ்ப் பள்ளி தோட்டத்துப் பிள்ளைக்கு உரியதாகவும் பிரிந்து நின்றன. ஆங்கிலப் பள்ளிகள் 1970இலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலத்தை எட்டிக்கொடுக்கும் பொறுப்பு அதன்பின் உங்கள் தோளில் இன்னும் அழுத்தமாக ஏறியது. தமிழ்ப் பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வராது என்ற பேச்சுக்கு எதிராக, ஒவ்வொரு வாக்கியமாக நின்று பதில் சொன்னவர்கள் நீங்கள்.

என் மேசைக்கு ஒரு நாளில் வரும் கடிதங்களைப் பார்த்தால் உங்கள் உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியும். பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்திலிருந்து புறப்பட்ட சரக்கு சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றால் ‘ஆன் இட்ஸ் வே’ என்று எழுத வேண்டும். ஆவணம் ஒன்று தடையாக நிற்கிறது என்றால் ‘இன் தி வே’. கப்பலில் ஏற்றியாகிவிட்டது என்றால் ‘ஆன் போர்ட்’. ஒருவர் சார்பில் கையெழுத்திட்டால் ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’. இவற்றில் ஒரு குட்டிச் சொல் பிசகினால் பொருள் பிசகும், பணம் பிசகும், மறுமுனையில் இருப்பவர் நம்மைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பும் பிசகும். அந்தக் குட்டிச் சொற்களை நான் தயங்காமல் எழுதுகிறேன். இந்த நிதானம் நீங்கள் தந்தது.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பெயர்கள் பரிசுப் பட்டியல்களில் வராமல் போயிருக்கலாம். உங்களிடம் படித்த பிள்ளைகள் இன்று பினாங்கின் மருத்துவமனைகளிலும் மின்னணு ஆலைகளிலும் தங்கும் விடுதிகளிலும் நீதிமன்றங்களிலும் ஆங்கிலத்தில் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் பேசுகிறார்கள். ஒன்றுக்காக மற்றதைக் கைவிடத் தேவையில்லை என்று அவர்கள் வாழ்ந்து காட்டுவதற்கு நீங்கள் இட்ட அடித்தளமே காரணம். மனம் நிறைந்து நன்றி சொல்கிறேன்.

இந்த மடலைப் படிக்கும் பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தில் சிவப்பு மையில் திருத்தியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். அன்று கற்றுக்கொண்ட ஒரு தொடரைக் கேளுங்கள், அதை வைத்து வீட்டைப் பற்றி, தெருவைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். அதையே தமிழில் எப்படிச் சொல்வோம் என்றும் சேர்த்துக் கேளுங்கள். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது ஆங்கில ஆசிரியரைத் தேடிப்போய் ஒரு சொல் நன்றி சொல்லுங்கள். நூலகத்துக்கு ஒரு நல்ல மாணவர் அகராதி வாங்கிக் கொடுங்கள். வரும் மே 16க்கு அதைவிடப் பொருத்தமான பரிசு வேறில்லை.

உங்களிடம் படித்த ஒருத்தி,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு